நெருக்கடி நாளுக்கு ஒரு சர்வர்

“வருசத்துக்கு எவ்வளவு தம்பி வரும்?” புதிதாக வலைத்தளம் கேட்டு வருபவர்கள் ஹோஸ்டிங் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் சிறு தொழில்களுக்குத் தளம் வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. பம்ப் தயாரிப்பவர், பலகாரக் கடைக்காரர், பள்ளித் தாளாளர், பல் மருத்துவர் என்று பலரும் வருவார்கள். விலையைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: “உங்க தொழில்ல ரொம்ப நெருக்கடியான நாள் எதுங்க?”

பலகாரக் கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம். தாளாளருக்கு, சேர்க்கை விண்ணப்பம் திறக்கும் காலை நேரம். பம்ப் தயாரிப்பவருக்கு அப்படித் தனியாக ஒரு நாள் இல்லை. ஆனால் டீலர் அனுப்பும் மெயில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பாதி முடிவு இந்தப் பதிலிலேயே கிடைத்துவிடும். சாதாரண நாளில் எல்லா ஹோஸ்டிங்கும் நன்றாகவே ஓடுகிறது. கூட்டம் வரும் நாளில், கார்டு காலாவதியான நாளில், சர்வர் எரிந்துபோன நாளில் என்ன நடக்கும் என்று பார்த்து வாங்குவதைத்தான் நான் தேர்வு என்று சொல்வேன்.

விலைப்பட்டியலில் முதலில் நிற்பது ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பிராசசர், ஒரே நினைவகம். ‘அன்லிமிடெட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டிஸ்க் இடத்துக்கும் டேட்டாவுக்கும் அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் சிறு தளங்கள் அவற்றை நிரப்புவதே இல்லை. உண்மையான எல்லைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒரே சமயத்தில் பக்கத்தைக் கட்டும் பிஹெச்பி நிரலின் எத்தனை கோரிக்கைகள் ஓடலாம், எவ்வளவு நினைவகம், எத்தனை ஃபைல்கள். பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்து ஒவ்வொரு கணக்குக்கும் இந்த வரம்பைக் கட்டிவிடுகின்றன. பக்கத்துத் தளம் எல்லா வளத்தையும் உறிஞ்சிவிடாமல் காப்பது அதுதான்; அந்த வகையில் நல்ல ஏற்பாடு. ஆனால் நம் தளத்துக்கே கூட்டம் வந்தால், வரம்பைத் தாண்டியவர்களுக்கு 508 என்ற பிழைப் பக்கம் போகும். ஒரே சமயத்தில் நுழையும் கோரிக்கைகளுக்கு 20 என்ற வரம்பைப் பல திட்டங்களில் பார்க்கலாம்.

20 குறைவு என்று தோன்றும். படிப்பதற்கு மட்டுமான தளம் என்றால் அது தாராளம். ஒருமுறை கட்டிய பக்கங்களை கேஷில் வைத்துவிட்டால் பிஹெச்பிக்கு வேலையே வராது. பலகாரக் கடையின் கதை அப்படியில்லை. ஒருவருடைய கூடையில் அரைக் கிலோ மைசூர்பாகு, இன்னொருவருடையதில் முறுக்கும் அதிரசமும். கூடைப் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் கேஷில் வைக்க முடியாது. ஒவ்வொரு கிளிக்குக்கும் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் எழுந்து, டேட்டாபேஸைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு கோரிக்கை முடிய ஒரு விநாடி ஆகிறது என்றால், 20 பேர் ஒன்றாக அழுத்தும்போதே வரம்பு நிரம்பிவிட்டது. தீபாவளி வாரத்தின் மாலை ஏழு மணிக்கு 20 பேர் என்பது ஒன்றுமேயில்லை. ஆகவே கடைத்தளம் கேட்பவரிடம் நான் வற்புறுத்தியே சொல்வேன்: வருடம் முழுவதற்கும் பெரிய திட்டம் வேண்டாம், ஆனால் வேண்டிய மாதத்தில் திட்டத்தை உயர்த்தி, முடிந்ததும் இறக்கிக்கொள்ள விடும் நிறுவனம் வேண்டும். உயர்த்துவது எல்லா இடத்திலும் நடக்கும். இறக்க விடுகிறார்களா என்பதை வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

பல் மருத்துவருக்கு இவை எதுவும் தேவையில்லை. ஐந்து பக்கம், ஒரு வரைபடம், ஒரு தொலைபேசி எண். டேட்டாபேஸ் இல்லாத வெறும் ஹெச்டிஎம்எல் ஃபைல்களாகச் செய்து கிளவுட்ஃப்ளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்ற இடத்தில் வைத்தால் செலவே இல்லாமல் ஓடிவிடும். ஹேக் செய்ய உள்ளே ஒன்றும் இருக்காது. வேர்ட்பிரஸ் தெரிந்த வடிவமைப்பாளர் எதையும் வேர்ட்பிரஸில் செய்வதால் பல சிறு தளங்கள் தேவையில்லாமல் கனத்துவிட்டன என்பது என் அழுத்தமான கருத்து. வெறும் ஃபைல் தளத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் விபிஎஸ் என்ற மெய்நிகர் தனி சர்வர். மாதம் சில நூறு ரூபாய்க்குத் தனி இடம் கிடைக்கிறதே என்று ஆசையாக இருக்கும். பாதுகாப்பு அப்டேட், ஃபயர்வால், இரவில் டேட்டாபேஸ் நின்றுபோனால் எழுப்பிவிடுவது என எல்லாம் நம் தலையில். அதைச் செய்வதற்கென்று சம்பளம் வாங்கும் ஆள் இல்லாத கடைக்கு நான் விபிஎஸ் வாங்கித் தருவதில்லை.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தகவல் போகும் கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு தகவல் போய்த் திரும்பக் கால் விநாடி அளவுக்கு ஆகிறது. இணைப்புக்கு ஒரு சுற்று, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, பக்கத்தைக் கேட்க ஒரு சுற்று என்று மூன்று முறை போய்வந்தால், பக்கத்தின் முதல் எழுத்து வருவதற்குள் முக்கால் விநாடி போய்விட்டது. மும்பையிலோ பெங்களூரிலோ சர்வர் இருந்தால் அதே மூன்று சுற்றும் கண் இமைக்கும் நேரத்தில் முடியும். 2016இல் அமேசான் மும்பையிலும் டிஜிட்டல்ஓஷன் பெங்களூரிலும் தங்கள் மையங்களைத் திறந்த பிறகு இதற்குப் பெரிய செலவும் இல்லை. படங்களை மட்டும், பல ஊர்களில் நகல் வைத்திருக்கும் சிடிஎன் வழியாக அருகிலிருந்து தரலாம். பணம் கட்டும் பக்கம் எப்போதும் மூல சர்வருக்கே போயாக வேண்டும். வாடிக்கையாளர்கள் ஜெர்மனியில் இருக்கும் ஏற்றுமதியாளருக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகும்.

99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழிக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுப்பதில்லை. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று பொருள். அந்த எட்டே முக்கால் மணி நேரமும் தீபாவளிக்கு முதல் நாள் வந்தால், ஹோஸ்டிங் கட்டணத்தில் சிறு பகுதியைத் திருப்பித் தருவார்கள். விற்காத பலகாரத்துக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் முற்றிலும் அழிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் நின்றன. பேக்கப் எடுத்து வைத்திருந்தவர்களிலும் சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள், ஏனென்றால் பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. ‘தினசரி பேக்கப் இலவசம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால் நான் மூன்று கேள்விகளை அனுப்புவேன். எந்த ஊரில் வைக்கிறீர்கள்? எத்தனை நாள் வைக்கிறீர்கள்? நானே எடுத்து நானே திரும்ப ஏற்ற முடியுமா? மூன்றாவதற்குத்தான் பலர் மழுப்புவார்கள். சிபேனல் என்ற நிர்வாகப் பேனலில் முழுக் கணக்கையும் பேக்கப் எடுக்கலாம். அதை அப்படியே திரும்ப ஏற்ற நிறுவனத்தின் ஆள்தான் வர வேண்டும். ஃபைல்களையும் டேட்டாபேஸையும் தனித்தனியாக எடுத்தால் நாமே ஏற்றலாம். பதில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஹோஸ்டிங்குக்குத் தொடர்பில்லாத வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைப்பதை நான் விட்டதில்லை.

பணம் கட்டும் வழியும் தளத்தை நிறுத்தும். முதல் மூன்று வருடத்துக்குப் பாதி விலை, நான்காம் வருடம் இரண்டு மூன்று மடங்கு என்பது இந்தத் தொழிலில் சகஜம். ரினீவல் விலையைத்தான் நான் மதிப்பீட்டில் எழுதுவேன், அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டியும். வெளிநாட்டு நிறுவனம் என்றால் இன்னொரு சிக்கல். ரிசர்வ் வங்கியின் புதிய விதி 2021 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்தபோது, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகள் ஏராளமாக நின்றுபோயின. பணம் எடுக்க முடியவில்லை என்ற தகவல் யாரும் திறக்காத ஒரு மெயிலுக்குப் போகும். தளம் ஒரு காலையில் இருக்காது. அதனால் யூபிஐயிலோ நெட் பேங்கிங்கிலோ பணம் வாங்கி, ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது தரும் நிறுவனத்துக்கு என் தராசில் எப்போதும் கூடுதல் எடை உண்டு. கணக்குப்பிள்ளைக்கும் அதுவே வசதி.

மெயிலைத் தளத்தோடு ஒரே சர்வரில் வைக்காதீர்கள் என்று பம்ப் தயாரிப்பவரிடம் சொல்வேன். ஷேர்டு சர்வரில் ஒரே ஐபி முகவரியிலிருந்து எல்லோருடைய மெயிலும் புறப்படுகிறது. அதில் ஒரு கணக்கு ஹேக் ஆகிக் குப்பை மெயில் அனுப்பினால், அந்த முகவரி தடைப்பட்டியலில் ஏறி, இவருடைய விலைப்புள்ளியும் ஸ்பாமுக்குப் போகும். தவிர ஒவ்வொரு மெயிலும் ஒரு ஃபைல். சில வருடக் கடிதங்களே ஃபைல் வரம்பை நிரப்பிவிடும்.

தமிழ்த் தளங்களுக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பணம் திரும்பத் தரும் காலத்துக்குள் ஒரு சிறிய வேர்ட்பிரஸை நிறுவி, தமிழில் ஒரு கட்டுரையும் தமிழில் பெயரிட்ட ஒரு படமும் ஏற்றுவேன். பிறகு முழுவதையும் பேக்கப் எடுத்து, வேறொரு சர்வரில் திரும்ப ஏற்றிப் பார்ப்பேன். டேட்டாபேஸின் எழுத்துக் குறியீடு எங்காவது பழைய லத்தீனில் நின்றிருந்தால் ‘கோயம்புத்தூர்’ என்பது புரியாத ஐரோப்பிய எழுத்துக் குவியலாகவோ கேள்விக்குறிகளாகவோ வெளிவரும். ஜிப் செய்து பிரிக்கும்போது படத்தின் தமிழ்ப் பெயர் சிதைந்தால், கட்டுரையில் படம் இருந்த இடம் காலியாகும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்து பழகிய சப்போர்ட் ஊழியருக்கு இது பிழையாகவே தெரியாது. தளம் திறக்கிறதே என்பார். பல வருடக் கட்டுரைகள் உள்ள ஒரு சிற்றிதழின் தளத்தை மாற்றும்போது முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான்.

இதே சோதனையில் வெளியேறும் வழியும் தெரிந்துவிடும். தங்களுக்கே உரிய பேனல், தங்களுக்கே உரிய பக்க அமைப்புக் கருவி என்று வைத்திருக்கும் இடங்களில் பக்கம் கட்டுவது சுலபம். அதை எடுத்துக்கொண்டு போக முடிவதில்லை. சப்போர்ட்டையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுவேன். ஞாயிறு இரவு, பிஹெச்பி பதிப்பை மாற்றுவது பற்றி ஒரு டிக்கெட் போடுவேன். எவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது என்பதைவிட, கேள்வியைப் படித்துவிட்டு எழுதிய பதிலா என்றே கவனிக்கிறேன்.

கடைசியாக, பெயர். திருப்பூரிலிருந்து ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர் வந்தார். முன்பு தளம் செய்தவர் டொமைனைத் தம் பெயரிலேயே பதிந்துவிட்டு வெளிநாடு போயிருந்தார். ரினீவல் நினைவூட்டல்கள் எல்லாம் அவருடைய பழைய மெயிலுக்குப் போயின. டொமைன் காலாவதியானதும் தளத்தோடு மெயிலும் நின்றது. வெளிநாட்டு பையர்கள் அனுப்பியதெல்லாம் திரும்பிப் போயிற்று. டாட் காம் பெயர் அழிப்புக்குப் போன பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் பல மடங்கு. தளம் செய்தவருடைய தம்பியைத் தேடிப்பிடித்து, அவர் மூலமாகப் பேசி, அந்தக் காலம் முடிவதற்குள் மீட்டோம். ஏற்றுமதியாளர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “எங்க கம்பெனி பேரு எங்ககிட்ட இல்லாம எப்படிங்க போச்சு?”

ரீசெல்லர் திட்டம் வாங்கி, வாடிக்கையாளர்களை எல்லாம் அதில் அடுக்கி, வருடா வருடம் சிறு லாபம் பார்ப்பது எங்கள் தொழிலில் வழக்கம். நேர்மையாகச் செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அல்லது நான் இந்தத் தொழிலையே விட்டால், என் பேனலில் இருக்கும் எல்லோருடைய கடையும் ஒன்றாகச் சிக்கிக்கொள்ளும். அதனால் டொமைனும் ஹோஸ்டிங்கும் அவரவர் பெயரில், அவரவர் மெயிலில், அவரவர் பணத்தில். எனக்கு வேலை செய்வதற்கான அனுமதி மட்டும் போதும். தளத்தை ஒப்படைக்கும்போது தமிழில் ஒரே ஒரு தாள் கொடுப்பேன்: எந்த நிறுவனம், எந்த மெயிலில் கணக்கு, ரினீவல் தேதிகள், அப்போது வரும் விலை, பேக்கப் இருக்கும் இடம், என்னைத் தவிர வேறு யாரிடம் கேட்கலாம். பலகாரக் கடைக்காரர் அதை லேமினேட் செய்து ஜிஎஸ்டி சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். என் பராமரிப்புக் கட்டணத்துக்குத் தனி ரசீது. ஹோஸ்டிங் பணம் அதில் சேராது.