ஜன்னலில் கடல், பத்திரத்தில் சிக்கல்

காலை ஆறு மணி. ரியோ டி ஜெனீரோவின் கோபகபனா கடற்கரை விழித்துவிட்டது. கறுப்பும் வெள்ளையுமாக அலை வடிவில் கல் பதித்த நடைபாதையில் முதியவர்கள் வேகவேகமாக நடக்கிறார்கள். இளநீர்க் கடைகள் திறக்கின்றன. சாலைக்கு மறுபுறம், நான்கு கிலோமீட்டர் நீள மணற்பரப்பைப் பார்த்தபடி தோளோடு தோள் உரசி நிற்கின்றன பத்து, பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள். அவற்றில் ஒன்றின் ஜன்னலில் நிற்கும் வெளிநாட்டுப் பயணிக்கு ஓர் எண்ணம் தோன்றாமல் இருக்காது: இங்கே ஒரு ஃபிளாட் வாங்கிப்போட்டால் என்ன? வருடத்தில் ஒரு மாதம் நாம் தங்கலாம். மற்ற மாதங்களில் வாடகை வரும்.

ஆசையில் தவறில்லை. சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. பிரேசில் நகரங்களில் ஃபிளாட் வாங்க வெளிநாட்டவருக்குக் குடியுரிமை தேவையில்லை, பாஸ்போர்ட்டும் சி.பி.எஃப். என்ற வரி எண்ணும் இருந்தால் போதும். 2018-ல் வந்த விதிப்படி, வீட்டில் 10 லட்சம் ரெயால் முதலீடு செய்பவர் வசிப்புரிமையும் கேட்கலாம். வடக்கு, வடகிழக்கு மாநிலங்களில் 7 லட்சமே போதும்.

சிக்கல் காகிதங்களில் தொடங்குகிறது. பத்திரம் எழுத ஓர் அலுவலகம், அதைப் பதிவுசெய்ய இன்னொன்று. இரண்டுக்கும் பெயர் ‘கார்டோரியோ’. முதல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். பதிவு செய்தால்தான் சொந்தம் என்பது சிவில் சட்டம். ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ‘மத்ரிகுலா’ என்ற பதிவேடு உண்டு. யார் யாரிடம் கைமாறியது, அடமானம் இருக்கிறதா, ஜப்தி இருக்கிறதா என்பதெல்லாம் அதில் வரும். நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி. அதன் புதிய நகலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. இதற்கு மேல், ரியோ மாநகராட்சிக்கு 3 சதவீத சொத்து மாற்ற வரி.

கடலோரம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. அது பேரரசர் காலத்துக் கணக்கு. 1831-ல் உயர் அலை சராசரியாக எதுவரை வந்ததோ, அந்தக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 33 மீட்டர் மத்திய அரசின் உரிமைக்கு உட்பட்டது. அந்தப் பட்டையில் உள்ள வீடு கைமாறும்போது நில மதிப்பில் 5 சதவீதத்தை ‘லவுடேமியோ’ என்று கட்ட வேண்டும். கட்டுவது விற்பவர் பொறுப்பு. பேரத்தில் அது யார் தலையில் விழும் என்பது வேறு விஷயம். கோபகபனாவில் 1970 வாக்கில் மணல் கொட்டிக் கடற்கரையை அகலப்படுத்தினார்கள். கடல் தள்ளிப் போய்விட்டது. 1831-ன் கோடு மட்டும் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தாலும், வாடகைக்கு விட முடியுமா என்பதை அண்டை வீட்டுக்காரர் தீர்மானிக்கலாம். ரியோவில் முதியவர்கள் அதிகம் வசிக்கும் பகுதிகளில் கோபகபனாவும் ஒன்று. பல வருடங்களாக ஒரே மாடியில் இருப்பவருக்கு, வாரம் ஒரு புது முகம் பெட்டியோடு லிஃப்டில் ஏறுவதும், நடுநிசியில் அடுத்த கதவு அறைந்து சாத்தப்படுவதும் தொல்லைதான். அவருக்கு அது முதலீடு அல்ல, வீடு.

1991 வாடகைச் சட்டம் 90 நாள் வரை சீசன் வாடகையை அனுமதிக்கிறது. ஆனால் தெற்கே போர்ட்டோ அலெக்ரே நகரிலிருந்து வந்த ஒரு வழக்கில், 2021 ஏப்ரலில் பிரேசிலியாவின் உயர்நிலை நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது: குடியிருப்புக்கு மட்டும் என்று கட்டடத்தின் விதிமுறையில் இருந்தால், இணையதளம் வழியாகக் குறுகிய காலத்துக்கு விடுவதைக் குடியிருப்போர் தடுக்கலாம். விதிமுறையை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஓட்டு வேண்டும். புதிதாக வந்த வெளிநாட்டவருக்கு இருப்பது ஒரு ஃபிளாட்டின் ஓட்டு.

வருமானக் கணக்கும் ஜன்னலிலிருந்து பார்ப்பது போல் அழகாக இருக்காது. கூட்டம் அலைமோதுவது புத்தாண்டுக்கும் கார்னிவலுக்கும். பராமரிப்புக் கட்டணமோ வருடம் முழுக்க மாதாமாதம் வரும். சொத்து வரி தனி. வாடகை வருவது ரெயாலில். 1994 ஜூலையில் அந்த நாணயம் பிறந்தபோது ஒரு டாலருக்கு ஒரு ரெயால். 2024 டிசம்பரில் ஒரு டாலருக்கு 6 ரெயாலுக்கு மேல். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அங்குள்ள சொத்தையும் வாடகையையும் இங்கே வருமான வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம், வரிசையை மாற்றிக்கொண்டு. முதலில் கட்டடத்தின் விதிமுறை, பிறகு மத்ரிகுலா, பிறகு பராமரிப்பு பாக்கி. ஜன்னல் கடைசியில். தரகரைக் கேட்கும் முன்பு, வாசலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனோடு பேச்சுக் கொடுங்கள். வாரத்துக்கு எத்தனை பெட்டிகள் உள்ளே போகின்றன, அதைப் பார்த்து யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும் அந்த முதியவர்களுக்கும் ஒரு வணக்கம் சொல்லி வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் கை தூக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.