ஃபிட்னு ஒரு கையெழுத்து

கொஞ்சம் நீளமான த்ரெட். கையில் டீ இருந்தா நல்லது.

போன வாரம் நைட் டூட்டி முடிஞ்சு ஒரு நாள் ஆஃப் கிடைச்சது. தூங்கியிருக்கணும். பைக்கை எடுத்துக்கிட்டு காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல இருக்கிற கூரம் போயிட்டேன். பஸ்ஸில் தாண்டிப்போனா கவனிக்கக்கூட மாட்டீங்க, அவ்வளவு சின்ன ஊர். வயல், ஏரி, ரெண்டு பழைய கோயில்.

ஒண்ணு சிவன் கோயில். பல்லவன் முதலாம் பரமேஸ்வரவர்மன் காலம், அதாவது 7ஆம் நூற்றாண்டு. பின்பக்கம் வளைஞ்சு, யானை படுத்த மாதிரி இருக்கிற தூங்கானை மாட அமைப்பு. கூரம் செப்பேடு இந்தக் கோயிலைப் பத்தித்தான் பேசுது. ஒரு ஊரையே 25 பங்காப் பிரிச்சு, 20 பங்கு இருபது வேதியருக்கு, மீதியில பூஜைக்கு இவ்வளவு, மண்டபத்தில் தண்ணிக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு, பாரதம் வாசிக்கிறவருக்கு ஒரு பங்குன்னு எழுதி வச்சிருக்காங்க. பாலாற்றிலிருந்து ஏரிக்கு வெட்டின கால்வாய் வரைக்கும் அதுல இருக்கு. எழுத்துல இருந்தாத்தான் நிலைக்கும்னு அந்தக் காலத்து ராஜாவுக்கே தெரிஞ்சிருக்கு.

ஆனா நான் போனது இன்னொரு கோயிலுக்காக. ஆதிகேசவப் பெருமாள் கோயில். கூரத்தாழ்வான் பிறந்த ஊர் இது.

கதை தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கூரத்தாழ்வான் பெரிய பணக்காரர். ராத்திரி அவர் வீட்டுக் கதவைச் சாத்துற சத்தம் காஞ்சி வரதர் கோயில் வரை கேட்குமாம். எல்லாத்தையும் விட்டுட்டு ஸ்ரீரங்கம் போய் ராமானுஜருக்குச் சீடரானார். அப்போ ஒரு சோழ ராஜா, சிவனுக்கு மேல தெய்வம் இல்லைன்னு ஓலை எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினானாம். ராமானுஜர் போட்டா ஊரே போட்ட மாதிரி. அவரைத் தேடி ஆள் வந்தப்போ, ஆழ்வான் குருவோட காவி உடையை உடுத்திக்கிட்டு, தான்தான் ராமானுஜர்னு சபைக்குப் போனார். கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடலை. கண் போச்சு. ராஜா பிடுங்கச் சொன்னான்னு ஒரு பாடம், இவனைப் பார்த்த கண்ணு வேண்டாம்னு ஆழ்வானே பிடுங்கிக்கிட்டார்னு இன்னொரு பாடம்.

இது குருபரம்பரை சொல்ற கதை. அந்தச் சோழன் யாருங்கிறதுல ஆராய்ச்சியாளர்களுக்கு ஒருமித்த கருத்து இல்லை. சைவமா வைணவமான்னு சண்டைக்கு யாரும் வர வேண்டாம், என் பிரச்சினை வேற.

என் பிரச்சினை கையெழுத்து.

2019. ஒரு அரசு மருத்துவமனை, எதுன்னு சொல்லப்போறதில்லை. கேஷுவாலிட்டியில் நான் மட்டும். (இதுல வர்ற ஆட்கள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) விடியக்காலை மூணு மணி இருக்கும். மூணு போலீஸ்காரங்க ஒரு பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. இருபது, இருபத்தொண்ணு வயசு. செயின் பறிப்பு கேஸ்.

"டாக்டர், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான். ஃபிட்னு எழுதிக் கொடுத்துடுங்க, காலைல ரிமாண்ட்."

நான் பையனைக் கேட்டேன். "எப்படிப்பா ஆச்சு?" மூணு பேரும் ஒரு அடி தூரத்துல நிக்கிறாங்க. அவன் தரையைப் பார்த்துக்கிட்டே, "விழுந்துட்டேன் சார்."

அவன் செருப்பு போடலை. நடந்து வந்தப்போ குதிகாலைத் தரையில வைக்காம நடந்தான். நான் பார்த்தேன். பார்த்தேங்கிறதைத்தான் இங்க சொல்ல வந்தேன். சீனியர் ஸ்டாஃப் அக்கா என் காதுல, "சார், நமக்கு எதுக்கு வம்பு, நாளைக்கு இவங்க தயவு நமக்கும் வேணும்"னாங்க. அவங்க சொன்னதும் பொய் இல்லை. குடிச்சுட்டு வந்து டாக்டரை அடிக்க வர்ற கூட்டத்தை விரட்ட நாங்க கூப்பிடறது அதே ஸ்டேஷனைத்தான்.

சிறு காயங்கள், ரிமாண்டுக்குத் தகுதியானவர்னு எழுதினேன். கையெழுத்து, சீல். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை.

அவன் சாகலை. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் ஆகலை. அதனாலேயே ஒரு வருஷம் நிம்மதியாத் தூங்கினேன்.

2020 ஜூன். சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வச்சிருந்தாங்கன்னு ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் 19ஆம் தேதி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாங்க. 22ஆம் தேதி ராத்திரி மகன், 23ஆம் தேதி காலை அப்பா. ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. நாடே கொதிச்சது. நீங்களும் ஹேஷ்டேக் போட்டிருப்பீங்க. நானும் போட்டேன். ஆனா செய்தியில ஒரு வரி மட்டும் தொண்டையில நின்னுச்சு: ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கும் ஒரு உடல்தகுதிச் சான்று வாங்கப்பட்டிருந்தது.

என் பையன் பிழைச்சதுக்கு என் திறமை காரணம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் மருத்துவம் பேசறேன், இது உங்களுக்கும் பயன்படும். வழுக்கி விழுறவன் கையை ஊன்றுவான். மணிக்கட்டு உடையும், முட்டி சிராய்க்கும், இடுப்பு அடிபடும். எலும்பு துருத்திக்கிட்டு இருக்கிற இடத்துலதான் காயம் இருக்கும். ரெண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி கன்றிப்போகாது. பாத்ரூம் தரை யாரையும் உள்ளங்காலில் அடிக்காது. லத்தி மாதிரி உருண்டையான ஒண்ணு பட்டா, தோலில் தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு விழும், நடுவுல வெளுத்திருக்கும். தடயவியல் புத்தகத்தில் இரண்டாம் வருஷமே படிக்கிறது. கன்றல் முதல்ல சிவப்பு, அப்புறம் நீலம், சில நாள்ல பச்சை, ஒரு வாரம் பத்து நாள்ல மஞ்சள். எப்ப அடி விழுந்துச்சுன்னு நிறமே ஏறக்குறையச் சொல்லும்.

இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. எலும்பு உடையாம, ரத்தம் வராம, சதையில மட்டும் நிறைய அடி விழுந்தா, சிதைஞ்ச தசையிலிருந்து மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். யூரின் கோலா கலர்ல வரும். ஆள் நடப்பான், பேசுவான், "விழுந்துட்டேன் சார்"னு சொல்வான். ரெண்டு நாள்ல கிட்னி நின்னுடும். 2019ல நான் அந்தப் பையனோட யூரினைப் பார்க்கலை.

சட்டம் தெளிவாத்தான் இருக்கு. டி.கே. பாசு வழக்குல உச்ச நீதிமன்றம் 1996லேயே சொல்லிடுச்சு: கைதானவர் கேட்டா உடம்புல உள்ள காயங்களைப் பதிவு பண்ணணும், காவலில் இருக்கிற வரை 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதிக்கணும். 2024 ஜூலையில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 53ஆம் பிரிவும் அதே வழிதான். காயம், அது ஏற்பட்டிருக்கக்கூடிய நேரம், ரெண்டையும் டாக்டர் எழுதணும். அதோட ஒரு காப்பி கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ கிடைக்கணும். உங்க வீட்டுல யாருக்காவது இப்படி ஆனா, அந்தக் காப்பியைக் கேளுங்க. கேட்கலாம்னே பல பேருக்குத் தெரியாது.

கூரத்தில் பட்டர்கிட்டப் பேசிட்டிருந்தேன். நான் டாக்டர்னு மட்டும் சொன்னேன், இந்தக் கதையெல்லாம் சொல்லலை. அவர் பாட்டுக்குச் சொன்னார்: "கண்ணு போனதோட கதை முடியலை சார். ராமானுஜர், வரதர்கிட்டப் போய் கண்ணைக் கேளுன்னார். இவர் போய் நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கிற மோட்சமே கிடைக்கணும்னு கேட்டுட்டு வந்துட்டார்."

நாலூரான் யாருன்னு கேட்டேன். ஆழ்வானோட சீடனாம். ராஜா சபையில இருந்தவன். எல்லார் கையெழுத்தும் வாங்கி என்ன, அவங்க கையெழுத்து வாங்கினாத்தான் செல்லும்னு ராஜாவுக்கு யோசனை சொன்னவனே அவன்தான்.

அதுவரை நான் என்னை அந்தக் கதையில் எங்கேயும் வச்சுப் பார்த்ததில்லை. ஆழ்வான் மாதிரி இருந்திருக்கணும்னு மட்டும் நினைச்சிருக்கேன். நாலூரான்னு ஒரு இடம் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. தீர்த்தம் வாங்கிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பைக்கை ஸ்டார்ட் பண்ணலை.

வந்தது வந்தோம்னு பாலாற்றைத் தாண்டி உத்திரமேரூர் போனேன். குடவோலைக் கல்வெட்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்ற அடிக்கல் விழாவில் பிரதமர் சொன்ன பிறகு எல்லாருக்கும் பெயராவது தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர் முழுக்க எழுத்து. முதலாம் பராந்தகச் சோழன் காலம், 919லும் 921லும் வெட்டினது. 30 குடும்பு, 35 வயசுக்கு மேல 70க்குள்ள, சொந்த மனையில வீடு. பெயர் எழுதின ஓலையைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சின்னப் பையனை எடுக்கச் சொல்வாங்க. இதைத்தான் உலகத்தின் முதல் ஜனநாயகம்னு வாட்ஸப்பில் அனுப்புறாங்க. இது நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமணர் சபைக்கான விதி. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. அதையும் சேர்த்து அனுப்பலாம்.

ஆனா யாரெல்லாம் வரக் கூடாதுங்கிற பட்டியல் இருக்கு பாருங்க, அங்கதான் நான் நின்னுட்டேன். முன்னாடி பொறுப்புல இருந்து கணக்குக் காட்டாதவன் வரக் கூடாது. அவன் மட்டும் இல்ல, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமனார், மச்சான், மருமகன், யாரும் வரக் கூடாது. பிறர் பொருளைத் திருடினவன் கூடாது. கழுதை ஏறினவன் கூடாது. தண்டனையா ஊரார் முன்னாடி கழுதை மேல ஏத்தி அவமானப்படுத்தப்பட்டவன்னு அதுக்குப் பொருள் சொல்றாங்க. அடுத்தது, கூடலேகை செய்தவன். கூடலேகைன்னா பொய்யாவணம். நடக்காததை நடந்ததா எழுதினவன்.

திருடனும் கூடலேகை செய்தவனும் ஒரே பட்டியல்ல. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி.

இன்னொரு விதியும் இருக்கு. கணக்கு எழுதினவன் தான் எழுதினதைத் தானே கொண்டுவந்து காட்டணும். அவனுக்குப் பதிலா வேற ஒருத்தன் புகுந்து முடிச்சுவைக்கக் கூடாது.

கழுதைக்கு வருவோம். கையிலயோ கால்லயோ மாவுக்கட்டுப் போட்டு, ரெண்டு கையையும் கும்பிட வச்சு எடுத்த ரவுடி போட்டோ உங்க போனுக்கும் வந்திருக்கும். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்"னு கீழே சிரிப்போட போட்டிருப்பாங்க. நான் அதுக்குச் சிரிச்சிருக்கேன், ஃபார்வேர்டும் பண்ணியிருக்கேன். அந்த மாவுக்கட்டை யாரோ ஒரு அரசு டாக்டர்தான் போட்டிருப்பார்னு தோணவே இல்லை. ஊர்ல திருடனைப் பிடிச்சுக் கம்பத்துல கட்டி அடிக்கிறதுக்கு நம்ம பேப்பர்ல என்ன பேர்? தர்ம அடி. தர்மம்னு சொல்லிட்டா கணக்கே எழுத வேண்டாம்.

போலீஸைத் திட்டத்தான் இந்தப் பதிவுன்னு நினைச்சுடாதீங்க. சாத்தான்குளத்தில் அன்னைக்கு ராத்திரி நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது அதே ஸ்டேஷன் தலைமைக் காவலர் ரேவதிதான். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட முதல்ல பயந்தாங்க. பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகு போட்டாங்க. கூட வேலை பார்க்கிறவங்க வெளியே நிக்கும்போது போட்ட கையெழுத்து அது. என் பேனாவுக்கு முன்னாடி அன்னைக்கு நின்னது மூணு பேர்தான்.

இப்ப சமீபத்துல நடந்தது. மறுபடி நைட் டூட்டி, மறுபடி ஒரு பையன். பைக் திருட்டு. "ஃபிட்னு போடுங்க டாக்டர்." நான் இன்ஸ்பெக்டரை, கண்ணுல படுற தூரத்துல, ஆனா பேச்சு காதுல விழாத தூரத்துல நிக்கச் சொன்னேன். முகம் மாறுச்சு. ஸ்கிரீனை இழுத்துட்டு சட்டையைக் கழட்டச் சொன்னேன். முதுகுல பழைய பச்சை, புது சிவப்பு, ரெண்டும் இருந்தது.

"பொய் சொல்லாதப்பா. யார் அடிச்சது?"

"ஊர்க்காரங்க அடிச்சாங்க சார், முதல்ல." கொஞ்சம் நிறுத்தி, "அப்புறம் அங்கயும்."

ஒவ்வொண்ணா அளந்து எழுதினேன். நீளம், அகலம், நிறம், எந்தப் பக்கம். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே. கூட வந்த ஏட்டு ஒருத்தர் மெதுவா ஸ்கிரீன் ஓரமா வந்து, "ஊர்க்காரங்க அடிச்சதையும் தேதியோட எழுதிடுங்க சார். இல்லன்னா எல்லாம் எங்க தலையில விழும்"னார். நியாயம். எழுதினேன்.

யூரின் எடுக்கச் சொன்னேன். கோலா.

ஃபிட் இல்லைன்னு போட்டு அட்மிட் பண்ணி, டிரிப் ஏத்தி, மெடிக்கல் காலேஜுக்கு ரெஃபர் எழுதினேன். ரிமாண்ட் என்னாகுறதுன்னு இன்ஸ்பெக்டர் கத்தினார். மாஜிஸ்திரேட் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்ப்பாங்க, புதுசு இல்லையேன்னேன். கை நடுங்கிச்சு, அதை மறைக்க பேனாவை மூடி மூடித் திறந்துக்கிட்டிருந்தேன். யாரோ எங்கேயோ போன் பண்ணினாங்க. என் போனும் அடிச்சது. எடுக்கலை.

விடிஞ்சு, ஆம்புலன்ஸ் கிளம்புறதுக்குள்ள மாஜிஸ்திரேட் வந்துட்டாங்க. பெட் பக்கத்துல உட்கார்ந்து அவன்கிட்ட ரொம்ப நேரம் பேசினாங்க. அப்புறம் ஏ.ஆர். நோட்டை வாங்கி முதல் வரியிலிருந்து படிச்சாங்க. கடைசியில் விரலை வச்சு என்னைப் பார்த்தாங்க.

"இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?"

"ஆமா மேடம். பக்கத்துல பதிவு எண்ணும் எழுதியிருக்கேன், பாருங்க."