பொருந்தாமையும் இன்மையும்

பதுளை நகரிலிருந்து பசறை நோக்கிச் செல்லும் பாதை மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து கடக்கின்றது. அப்பாதையிலிருந்து பிரிந்து மேலேறும் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்து, இன்று கலைப்பீடத்திற் பயிலும் மாணவன் ஒருவன், சென்ற விடுமுறைக் காலத்தில் மூதாட்டி ஒருவரைப் பார்த்து, "ஒங்க பேரு பட்டியல்ல இல்ல பாட்டி" என்று சொன்னான். அச்சொல் தவறானது. அது எங்ஙனம் தவறாயிற்று என்பதை உணர அவனுக்கு இரண்டு இரவுகள் தேவைப்பட்டன.

தோட்டங்களில் மரணாதார சங்கத்தின் பணி எளியது, ஆயினும் பெரியது. உறுப்பினர் மாதந்தோறும் ஒரு சிறு தொகை செலுத்துவர். வீட்டிலே சாவு நேர்ந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் பதினாறாம் நாட் கருமத்துக்கும் சங்கம் கைகொடுக்கும். கடன்படாமல் ஒருவரை அடக்கம் செய்வதென்பது அங்கு மானத்தோடு தொடர்புடைய காரியம். அத்தோட்டத்துச் சங்கத்தின் மூலக் கணக்குப் புத்தகங்களுட் சில மழைக்கும் கறையானுக்கும் இரையாகிவிட்டன. எஞ்சியவை, காலத்துக்குக் காலம் பதவிக்கு வந்த செயலாளர்கள் பதுளை நகரத்துக் கடைகளிலே கணினியில் ஏற்றுவித்த பக்கங்கள். சில பக்கங்களிற் பெயர்கள் ஆங்கில எழுத்திலும், வேறு சிலவற்றிற் பாமினி எழுத்துருவிலும், பிந்தியவற்றில் யுனிகோட் தமிழிலும் இருந்தன. உயர்தர வகுப்பிலே பைதன் என்னும் கணினி மொழியைக் கற்றவன் என்பதால், அவை யாவற்றையும் ஒன்றாக்கித் தேடும் வேலை அம்மாணவனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வேலை முடியுமுன்னரே அம்மூதாட்டியின் கணவர் காலமானார். அவருடைய உண்மைப் பெயர் இங்கு வேண்டியதில்லை; மலைநாட்டில் எங்கும் வழங்கும் 'பொன்னம்மா' என்பதையே அவர் பெயராகக் கொள்ளலாம்.

கணினியில் ஒரு சொல்லைத் தேடுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனும் முறை பயன்படுகின்றது. தேடப்படும் பொருளை அப்படியே கூறாமல் அதன் அமைப்பைக் கூறுவது இதன் இயல்பு. 'இரண்டு இலக்கம், பின் ஓர் இடைவெளி, பின் ஒரு சொல்' என்றவாறு ஒரு கோலத்தை வரைந்து கொடுத்தால், அக்கோலத்துக்குப் பொருந்துவனவற்றை எந்திரம் எடுத்துத் தரும். கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1950களில் இதற்கு அடிகோலினார். 1968இல் கென் தாம்சன் இதனைக் கணினித் தேடலுக்குரிய கருவியாக்கும் வழியொன்றை வெளியிட்டார். இன்று ஏறத்தாழ எல்லாக் கணினி மொழிகளிலும் இது இடம்பெற்றுள்ளது.

'பொன்னம்மா' என்பதை மட்டும் தேடினால் 'பொன்னம்மாள்' என்ற பெயருடையவரும் அகப்படுவார். அவர் வேறொரு லயத்தில் வாழ்ந்த வேறொருவர். ஆகவே பெயரின் இருபுறமும் சொல்லின் எல்லை இருத்தல் வேண்டும் என்று மாணவன் தன் கோலத்தில் விதித்தான். பின்சாய்கோடு ஒன்றும் 'பி' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்தது அவ்வெல்லைக்குரிய குறி. முதன்முறை எதுவுமே அகப்படவில்லை. காரணம் விரைவிலே தெரிந்தது. சாதாரணமான பைதன் தொடரில் அவ்விரு குறிகளும் சேர்ந்தால், பின்னோக்கி நகர்த்தும் விசைக்குரிய குறியாக மாறிவிடும். கோலம் தேடலுக்குச் செல்லுமுன்னரே சிதைந்துவிடும். தொடருக்கு முன் 'ஆர்' என்ற எழுத்தை இட்டு, 'உள்ளதை உள்ளவாறே கொள்க' என்று பணித்தால் இக்குறை நீங்கும். அவன் அவ்வாறே செய்தான். ஆங்கில எழுத்திலிருந்த பெயர்கள் சிலவற்றைத் தேடிப் பரீட்சித்தான். யாவும் உடனே அகப்பட்டன. பொன்னம்மா மட்டும் எவ்வெழுத்திலும் அகப்படவில்லை. கருவி செவ்வனே இயங்குகின்றது, ஆகவே பெயர் இல்லை என்று அவன் முடிவு செய்தான். முற்றாகத் தோற்கும் கருவியை எவரும் ஐயுறுவர். பாதி வெற்றி பெறும் கருவியே மனிதனை ஏமாற்றுகின்றது.

"கட்டுனது எனக்குத் தெரியும் தம்பி. புத்தகத்துக்குத் தெரியலேனா நான் என்னா செய்ய?" என்றார் மூதாட்டி. அவர் குரலிற் கோபமில்லை. வாதாடவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கிச் சென்றார். அந்த அமைதிதான் மாணவனை வருத்தியது. 'இல்லை' என்ற சொல் அவருக்குப் புதிதன்று என்பதை அது காட்டிற்று.

அவர் கைக்குழந்தையாயிருந்தபோது, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இத்தனை ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று காட்டல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பாக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 1,34,000 பேர் மாத்திரமே. 1964 அக்டோபரிலே சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அம்மக்கள் இந்நாட்டில் வாழ்ந்தது பொய்யன்று. கேட்கப்பட்ட வடிவிலே அவர்களுடைய வாழ்வு தாளில் இருக்கவில்லை, அவ்வளவே. மூதாட்டியின் மௌனத்துக்குப் பின்னால் இந்நெடுங்கதை இருந்தது.

அன்றிரவு மாணவன் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தான். பொருந்தாத கோலத்தை ஆராய்வதற்கு வழியொன்று உண்டு. கோலத்தை மேலும் மேலும் திருத்திச் சிக்கலாக்குதல் கூடாது. மிகச் சிறிய துண்டாகக் குறைத்து, அது பொருந்துகின்றதா எனப் பார்த்து, பின்னர் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்த்துச் செல்லல் வேண்டும். எந்த உறுப்பைச் சேர்த்ததும் பொருத்தம் அறுபடுகின்றதோ, அவ்விடத்தே பிழை உள்ளது. அவன் எல்லைக் குறிகள் இரண்டையும் நீக்கினான். தமிழ்ப் பக்கங்களிற் பல பெயர்கள் அகப்படத் தொடங்கின. முன்னெல்லையைச் சேர்த்தான், அப்போதும் அகப்பட்டன. பின்னெல்லையைச் சேர்த்ததும் யாவும் மறைந்தன.

பைதனின் வழமையான தேடல் தொகுதி, எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும் சேர்ந்ததே சொல் எனக் கருதுகின்றது. தமிழில் உயிர்க்குறிகளும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்துகளல்ல. எழுத்தைச் சார்ந்த வெறும் குறிகள். தமிழ் கற்ற சிறுவன் 'பொன்னம்மா' என்பதில் ஐந்து எழுத்துகளைக் காண்பான். யுனிகோட் முறையில் அதே பெயர் ஒன்பது குறியீடுகளாகப் பதிவாகின்றது. அவற்றுள் ஒகரக் குறி, புள்ளிகள் இரண்டு, ஆகாரக் குறி ஆகிய நான்கையும் தொகுதி புறக்கணித்துவிடும். ஆகவே இறுதியிலுள்ள ஆகாரக் குறியை அடுத்து இடைவெளி வரும்போது, அங்கே சொல் முடிகின்றது என்பதை அது உணர்வதில்லை. பெயரைச் சொற்களாகப் பிரித்துக் காட்டுமாறு பணித்தால், 'ப', 'ன', 'னம', 'ம' என்று நான்கு துண்டுகளைத் தருகின்றது. உயிரும் மெய்யும் சேர்ந்ததே உயிர்மெய் எழுத்து என்பது தமிழ் இலக்கணத்தின் அரிச்சுவடி. கருவியோ உயிரின் குறியை உதறிவிட்டு எஞ்சியதைப் பெயரென்றது.

இக்குறை புதிதன்று. தேவநாகரி முதலிய எழுத்துகளுக்கும் இது பொது. பைதன் ஆக்குநரிடம் 2007இலேயே இது சுட்டிக்காட்டப்பட்டது. யுனிகோட் ஒன்றியத்தின் 18ஆம் இலக்கத் தொழினுட்ப நியமம் இக்குறிகளையும் சொல்லின் உறுப்பாகக் கொள்ளுமாறு பரிந்துரைக்கின்றது. பெர்ள் மொழி அவ்வாறே கொள்கின்றது. ஜாவாஸ்கிரிப்டிலோ அக்குறியீடு ஆங்கில எழுத்துகளுக்கும் இலக்கங்களுக்கும் அடிக்கோட்டுக்கும் அப்பாற் செல்வதில்லை. மாணவன் எல்லைக் குறியைக் கைவிட்டு, பெயருக்கு முன்னும் பின்னும் யுனிகோட் தமிழ்ப் பகுதியின் 128 இடங்களைச் சேர்ந்த எதுவும் வரலாகாது என்று நேரடியாக விதித்தான். 'பொன்னம்மாள்' விலகினார். தமிழ்ப் பெயர்கள் பல சரியாக அகப்பட்டன. ஆயினும் மூதாட்டியின் பெயர் வரவில்லை.

மறுநாள் இரவு அவன் பக்கங்களைத் தன் கண்ணாலேயே வாசிக்கத் தொடங்கினான். நள்ளிரவுக்குச் சற்று முன் அவர் பெயரைக் கண்டான். தெளிவாக, பிழையின்றி, லய இலக்கத்தோடு திரையில் நின்றது. கோலமோ அதன்மீது பொருந்த மறுத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டு, எந்திரத்துக்கு வேறாக இருத்தல் கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் அவனுக்கு உதித்தது. இரண்டையும் அளக்குமாறு கணினியைப் பணித்தான். அவன் தட்டிய பெயர் ஒன்பது குறியீடு. பட்டியலில் இருந்த பெயர் பத்து.

அப்பக்கம் பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு மாற்றப்பட்ட பக்கம். பாமினியில் 'பொ' என்பதைப் பெறக் கொம்பு, பகரம், கால் என்று மூன்று விசைகளைத் தட்டுவர். மாற்றியவர் பயன்படுத்திய கருவி கொம்பையும் காலையும் ஒகரக் குறியாக இணைக்காமல் இரண்டாகவே விட்டிருந்தது. திரையில் இரண்டும் ஒரே வடிவம். இவ்விரு வகையும் ஒன்றற்கொன்று சமமானவை என்பதே யுனிகோட்டின் விதி; ஆயினும் தேடுபவர் இருபக்கத்தையும் ஒரே நியம வடிவுக்குக் கொணர்ந்தாலன்றிப் பைதன் அச்சமத்துவத்தைத் தானாகக் கருதாது. அதற்குரிய கட்டளை ஒரேயொரு வரி. அவ்வரியை எழுதியதும் பெயர் அகப்பட்டது.

மாற்றப்படாத பாமினிப் பக்கங்களும் எஞ்சியிருந்தன. அவற்றிலே தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பவற்றின் வரிசை. அவற்றையும் முறையாக மாற்றித் தேடியபோது, மூதாட்டி சந்தா செலுத்திய மேலும் பல மாதங்கள் வெளிப்பட்டன.

விடிந்ததும் மாணவன் லயத்துக்குச் சென்று செய்தியைச் சொன்னான். மூதாட்டி வியப்படையவில்லை. "நான்தான் சொன்னேனே" என்று கூறித் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பதினாறாம் நாளுக்கு முன்னரே சங்கத்தின் உதவித்தொகை அவர் கைக்குச் சென்றது. அவர் மறந்துவிட்டார் என்றே தோன்றுகின்றது. அவனால் மறக்க முடியவில்லை. எந்திரம் 'இல்லை' என்று ஒருபோதும் கூறியதில்லை; 'நீ தந்த கோலத்துக்கு எதுவும் பொருந்தவில்லை' என்பதே அது கூறிய விடை. அதனை 'இல்லை' என்று மொழிபெயர்த்து, துக்க வீட்டில் ஒரு பெண்ணிடம் சொன்னவன் அவனே.

பொருந்தாமை வேறு, இன்மை வேறு. கோலம் பொருந்தாதபோது முதலில் ஐயுற வேண்டியது தேடப்பட்ட பொருளையன்று, கோலத்தையே. எதனை எழுத்து என்று கொண்டோம், எதனைச் சொல்லின் எல்லை என்று கொண்டோம், இரண்டும் ஒரே வடிவில் உள்ளனவா என்பனவற்றை ஆராய்ந்த பின்னரே 'இல்லை' என்னும் சொல்லை உச்சரிக்கும் உரிமை பிறக்கின்றது. கணினித் திரையின் முன் இருப்பவருக்கு மாத்திரமன்றி, பெயர்ப் பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்திருப்போர் அனைவருக்கும் இது பொருந்தும். படித்து முடித்து நாளை அம்மேசைகளில் அமரப்போகின்றவர்கள் இன்றைய மாணவர்கள். மேசைக்கு எதிரே நிற்கும் மூதாட்டி அப்போதும் வாதாடமாட்டார். முந்தானையைச் செருகிக்கொண்டு படியிறங்கிச் சென்றுவிடுவார். அவரைத் திரும்ப அழைக்கும் பொறுப்பு, கோலத்தை வரைந்தவருடையது.