தடுப்பது எதை?

'கால்சியம் சேனல் பிளாக்கர்' என்பதைத் தமிழில் 'கால்சியத் தடுப்பு மருந்து' என்று சுருக்கிவிடுகிறார்கள். மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது உறுத்தும். நடுவிலுள்ள 'சேனல்' போனால் அர்த்தமும் போய்விடுகிறது.

கொச்சி தேவராவில் என் பக்கத்து வீட்டு மாமி, மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர். சிறுநீரகக் கல் என்று போனவருக்கு ரத்தத்தில் கால்சியம் அதிகம், காரணம் கழுத்தில் பாராதைராய்டு கட்டி என்று தெரிந்தது. மாத்திரை அட்டையோடு வந்துவிட்டார். "கால்சியத்தைத் தடுக்கற மாத்திரைதானே விழுங்கறேன்? பின்னே எப்படிக் கூடித்து? இன்னொண்ணு சேர்த்துப் போட்டா ஆபரேஷன் வேண்டாமோ?"

சிரிக்கிற கேள்வியல்ல. சேனல் என்பது செல்லின் சுவரிலுள்ள மடை. அதன் வழியே கால்சியம் புகுந்தால் ரத்தக்குழாய்த் தசை இறுகும். மாத்திரை அந்த மடையைச் சாத்துகிறது. தசை தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. ரத்தத்தில் ஓடும் கால்சியத்தின் அளவை அது குறைப்பதில்லை.

பாராதைராய்டு சுரப்பிகளோ விசித்திரமானவை. பருப்பளவில், பொதுவாக நான்கு. கணையத்தில் செல்லுக்குள் கால்சியம் புகுந்தால் இன்சுலின் வெளியேறும். இங்கே தலைகீழ், கால்சியம் கூடினால் சுரப்பு அடங்கும். அப்படியானால் மடையைச் சாத்தினால் என்ன ஆகும்? ஆய்வாளர்கள் வெராபமில் போன்ற மருந்துகளைச் சோதித்தார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அது சிகிச்சையாக நிலைக்கவுமில்லை. 1993இல் எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபர்ட் குழுவினர் மாட்டின் பாராதைராய்டிலிருந்து ஓர் உணர்வியைக் கண்டெடுத்தார்கள். செல்லின் மேற்பரப்பில் அமர்ந்து ரத்தக் கால்சியத்தை அளப்பது அதுதான். கட்டிகளில் இந்த அளவை மழுங்கிவிடுகிறது. கால்சியம் நிறைந்திருந்தும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கிறது, எலும்பு கரைகிறது.

2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சினகால்செட் குறிவைப்பது அந்த உணர்வியைத்தான். ஆனாலும் பெரும்பாலும் புற்றுநோயல்லாத இந்தக் கட்டியை அகற்றுவதே நிரந்தர வைத்தியம். வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் 1925இல் ஒரு டிராம் தொழிலாளிக்கு அதைச் செய்தார்.

பெயரைப் பார்த்து மிரண்டு, எலும்பு தேயுமோ என்று அம்லோடிபினை நிறுத்துகிறவர்கள் உண்டு. இது ஆபத்து. பிரஷர் மருந்துகளில் ரத்தக் கால்சியத்தை உயர்த்தக்கூடியவை, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் தயசைடு மாத்திரைகள். அவற்றின் பெயரில் கால்சியமே கிடையாது. கால்சியம் அதிகம் என்று தெரிந்தால் அதைச் சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.