அம்மாவின் பத்து வெள்ளி

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அம்மாவின் தோ பாயோ வீட்டை ஒதுக்கினோம். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு மைலோ டின். உள்ளே பதினொரு பத்து வெள்ளி நோட்டுகள். முன்பக்கம் ஆர்க்கிட் பூ, பின்பக்கம் ஒன்றையொன்று பற்றிய நான்கு கைகள். 1967இல் சிங்கப்பூர் முதன்முதலாக வெளியிட்ட வரிசை. ஒவ்வொன்றும் நாலாக மடித்தது. முந்தானையில் முடிந்து வைப்பாரே, அதே மடிப்பு.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். 1974இல் பள்ளியில் மலாக்காவுக்குச் சுற்றுலா போனார்கள். பத்து வெள்ளி கேட்டேன். "காசு இல்லப்பா" என்றார். வகுப்பில் நான் மட்டும் போகவில்லை.

அக்காதான் சொன்னார்: "தம்பி, அது அப்பாவுக்கு வேலை போன வருஷம். வாடகைக்குன்னு எடுத்து வச்சது." எனக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. வேலை கிடைத்த பிறகும் அம்மா அதைத் தொடவில்லை போலும்.

பழைய நோட்டு வாங்கும் கடைக்கு எடுத்துப் போனேன். மடிப்பே விழாத நோட்டு என்றால் நல்ல விலையாம். "இது கைபட்டது அங்கிள், ஒன்றுக்குப் பதினைந்து தரலாம்." இன்றும் செல்லுபடியாகும் பணம்தான், ஆனால் அன்றைய பத்து வெள்ளிச் சாமான் இன்று பத்து வெள்ளிக்கு வருமா?

பத்தை விற்றேன். நூற்றைம்பது வெள்ளியைப் பேத்தியின் பள்ளிச் சுற்றுலாவுக்குக் கொடுத்தேன். அவள் அப்பா ஏற்கெனவே கட்டிவிட்டாராம். கைச்செலவுக்கு வைத்துக்கொள் என்றேன்.

மிச்சமிருந்த ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் விரித்து வைக்கச் சொன்னார் கடைக்காரர். நான் மடித்தேதான் வைத்திருக்கிறேன்.