பங்களாப் பெட்டியில் ஒரு சுழல் துப்பாக்கி

அட்டனிலிருந்து நுவரெலியாவை நோக்கிச் செல்பவருக்குக் கொட்டகலையும் தலவாக்கலையும் கடந்ததும் காற்றின் குணமே மாறியது போலத் தோன்றும். மலைச்சரிவெங்கும் வாரிவிட்ட கூந்தலைப் போலத் தேயிலைச் செடிகள். உச்சியிலே சைப்பிரஸ் மரங்கள் சூழ்ந்த பங்களா. பள்ளத்திலே வரிசையாய் லயன்கள். 1867-ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய பயிர் இம்மலைகளையெல்லாம் போர்த்தியது. 1884-இல் அட்டனையும், மறு ஆண்டில் நானுஓயாவையும் இரயில் பாதை எட்டியது. அந்தப் பாதை வழியே தேயிலைப் பெட்டிகள் இறங்கின; துரைமாரின் மேசைகளும் பியானோக்களும் துப்பாக்கிகளும் ஏறின.

1972-இலும் 1975-இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரைமார் பெரும்பாலும் ஊர் திரும்பினர். அவர்கள் விட்டுச் சென்றவையும் விற்றுச் சென்றவையும் கிளாக்கர் வீட்டிலும் பெரிய கங்காணி வீட்டிலும் நகரத்து வியாபாரியின் வீட்டிலும் தங்கின. சுவர்க்கடிகாரமும் பீங்கான் தட்டும் தொல்லை தருவதில்லை. பாட்டனாரின் மரப்பெட்டியிலிருந்து சுழல் துப்பாக்கி ஒன்று வெளிப்பட்டால்தான் வீடே திகைக்கிறது. "நூற்றைம்பது வருஷத்துச் சாமான், லட்சக்கணக்கில் போகும்" என்பார் ஒருவர். "பெரியதுரை தம் கையால் கொடுத்தது" என்பார் மற்றொருவர். இவ்விரண்டையும் எவ்வாறு சோதிப்பது?

சோதனைக்கு முன்னே சட்டம் நிற்கிறது. 1916-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். பாட்டனார் பெற்ற அனுமதி பேரனுக்குத் தானாக வந்து சேராது. ஆதலின் விசையைத் தொடாமலும், பையிலிட்டு ஊரூராய்த் தூக்கிச் செல்லாமலும், முதலிற் பொலிசாருக்கு அறிவிப்பதே முறை. பழையதாயிற்றே என்று எண்ணலாகாது. உள்ளே குண்டு கிடக்கின்றதா என்பதைப் பழக்கமுள்ளவரே பார்த்தல் வேண்டும்.

இனி, உண்மையறியும் வழி. இரும்பு பொய் சொல்வது அரிது. ஆனால் அதனைப் படிக்கத் தெரியவேண்டும். முதலில் செய்தவர் பெயரைப் பார்க்க. இங்கிலாந்தில் பேர்மிங்காம் நகரத்து வெப்ளி நிறுவனம் பிரித்தானியப் படைக்கு 1887 முதல் சுழல் துப்பாக்கி அளித்தது. 'வெப்ளி அண்ட் ஸ்காட்' என்னும் பெயர் 1897-இல் ஏற்பட்ட இணைப்பின் பின்னரே வழங்கியது. ஆகவே அப்பெயர் பொறித்த ஆயுதத்தை 1880-இல் கோப்பித் தோட்டத்துத் துரை இடையில் செருகியிருந்தார் என்னும் குடும்பக் கதை அப்போதே சரிந்துவிடுகிறது. ஆறாம் மார்க் வகையானால் 1915-க்கு முற்பட்டதன்று.

இரண்டாவது, சோதனை முத்திரை. இங்கிலாந்தில் விற்பனைக்கு வரும் துப்பாக்கிக் குழல்கள் இலண்டனிலோ பேர்மிங்காமிலோ வெடித்துச் சோதிக்கப்பட்டு, முடி பொறித்த முத்திரை பெறுதல் வேண்டும். முட்டை வடிவ வளையத்துள் ஈ, எல், ஜீ என்னும் எழுத்துகள் இருப்பின் அது பெல்ஜிய நாட்டு லீஜ் நகரின் முத்திரை. வெப்ளியார் 1872-இல் வெளியிட்ட 'புல்டாக்' என்னும் சிறு துப்பாக்கியைப் பின்பற்றி அந்நகரத்தில் எண்ணற்ற போலிகள் உருவாயின. அவற்றுட் பலவற்றின் மேல் 'பிரிட்டிஷ் புல்டாக்' என்றே எழுதியிருக்கும். பெயர் பிரித்தானியம், பிறப்பு பெல்ஜியம்!

மூன்றாவது, எண்கள். சட்டத்தில் உள்ள எண்ணும் குண்டுகள் அமரும் சுழல் உருளையில் உள்ள எண்ணும் ஒன்றாயிருந்தால், அவை ஒன்றாய்ப் பிறந்த உறுப்புகள். வேறுபட்டால், பிற்காலத்தில் ஒட்டுப்போட்டது என்பது வெளிப்படை. அகன்ற அம்புக் குறி இருப்பின் அஃது அரசுப் படைக்குரியதாய் இருந்தது.

இவற்றைப் பார்க்குமுன் நம் இல்லத்தார் செய்யும் காரியம் ஒன்றுண்டு. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியும் சாம்பலுமிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவர். பழைய நீலப்பூச்சும் முத்திரைகளின் கூர்மையும் அத்துடன் போய்விடும். சேகரிப்பவர் கண்ணிலே மதிப்பும் போய்விடும். மலைநாட்டு மூடுபனி தந்த துருவைக் காட்டிலும் நம் கை தரும் மெருகே பெருங்கேடு.

இத்தனையும் தேறிய பின்னர், கதை என்னும் நான்காவது சோதனை. வாங்கிய சீட்டு, அனுமதிப்பத்திரம், கடிதம், புகைப்படம் ஆகிய இவையே கதைக்குச் சாட்சி. 1900-இல் அமைந்து, 1914-இல் எகிப்துக்குச் சென்று, 1915-இல் கலிப்போலிப் போர்முனையைக் கண்டு, 1949-இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் படையில் ஒருவர் ஏந்தியது என்று தாளொன்று காட்டுமானால், அதே துப்பாக்கி வேறொன்றாகிவிடும். தாளில்லாத கதைக்குச் சந்தையில் விலையில்லை. கண்டியிலிருந்து 1765-இல் ஒல்லாந்தர் கொண்டுபோன லேவ்கே திசாவையின் பீரங்கியை நினைத்துப் பாருங்கள். அதில் பொறித்த எழுத்துகளையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்து, அது வந்த வழி தெளிவாகிய பின்னரே நெதர்லாந்து நாடு 2023-இல் அதனை இலங்கைக்குத் திருப்பித் தந்தது. இரும்பும் வெண்கலமும் அன்று, வந்த வழியே வழக்கை வென்றது.

எனினும், மலையகத்தான் ஒருவன் அப்பெட்டியைத் திறக்கும்போது எழும் கேள்வி சந்தையுடன் முடிவதில்லை. துப்பாக்கியை ஏந்தியவர் கதை ஒன்று. அதன் எதிரில் நின்றவர் கதை மற்றொன்று. 1940 ஜனவரி 10-ஆம் நாள் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தக் காலத்தில் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தான். சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் விழுந்த அவன் பெயரை மலைநாடு மறக்கவில்லை. ஆனால் அவனைப் போன்றோரின் உடைமை எதுவும் மரப்பெட்டியில் பட்டுத்துணி சுற்றி வைக்கப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்க்குத் தகர வில்லை ஒன்று வழங்கப்பட்டது. அவர் சென்று சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதிலே பொறித்திருக்கும். துப்பாக்கிக்கும் எண், மனிதனுக்கும் எண். துப்பாக்கியின் எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறோம். தகர வில்லையைப் பெரும்பாலோர் எறிந்துவிட்டோம். கம்பளையை அடுத்த ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலே தொழிலாளர் அரும்பொருளகம் ஒன்று 2007-இல் தொடங்கியமை இக்குறையைச் சிறிது போக்கியது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். துப்பாக்கி கிடைத்தால் சட்டப்படி ஒப்புவித்து, அதன் எண்ணையும் முத்திரையையும் வந்த வழியையும் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பெட்டியின் அடியிலும் ஒருமுறை பாருங்கள். தகர வில்லையோ, பழைய செக்குறோல் தாளோ, பாட்டியின் பெயர் எழுதிய சம்பளச் சீட்டோ அங்கே கிடந்தால், அதற்கும் அதே கவனத்தைத் தாருங்கள். அதற்குச் சந்தையிலே விலை சொல்ல எவரும் இலர். நம் வீட்டிலேயே சொல்லவேண்டும்.