தாய்வாழையில் மறைந்திருப்பவை

வாழையடி வாழையாக வாழ்க என மணமக்களை வாழ்த்துவது தமிழர் வழக்கு. தாவரவியல் கற்றோர் அவ்வாழ்த்தைக் கேட்டுச் சற்றே நகைக்கக்கூடும். வாழையின் அடியில் முளைக்கும் குட்டி அதன் பிள்ளையன்று, அதே வாழைதான். தாயின் வலிமையும் நோயும் மாற்றமின்றித் தொடருமேயன்றிப் புதியதொன்று அங்கே பிறப்பதில்லை. புதியது வேண்டுமெனின் விதை வேண்டும். விதைக்குத் தாயும் தந்தையும் வேண்டும்.

நைஜீரியாவில் இத்தேவை வயிற்றுப் பிரச்சினையாகவே எழுந்தது. கறுப்புச் சிகற்றோக்கா என்னும் பங்கசு நோய் 1980களில் அந்நாட்டை அடைந்து, குலை முற்றுமுன்பே கறிவாழையின் இலைகளைக் கருக்கியது. பெருந்தோட்டக் கம்பனிகள் மருந்து தெளிக்கலாம். வீட்டின் பின்புறத்துச் சில வாழைகளை நம்பியிருக்கும் குடும்பம் என்ன செய்யும்? சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவகத்தினர் 1987இல் ஒன்னே என்னுமிடத்தில் இனவிருத்தியைத் தொடங்கினர்.

தாயைத் தெரிவதே முதற் சிக்கல். நல்ல குலை தந்த மரமே நல்ல தாயென எண்ணத் தோன்றும். ஆனால், கறிவாழை மூன்று தொகுதி நிறமூர்த்தங்களை உடையது. அவை ஒழுங்காகப் பிரியாமையால் விதை உண்டாவது அரிது. பருத்த காய்கள் சிலவற்றைத் தரும் கொம்பு வகைகள், எத்துணை மகரந்தம் தூவினும் பெரும்பாலும் மலடாகவே நின்றன. காய் நிறைந்த பிரெஞ்சு வகைகளிற் சிலவே விதை கொடுத்தன. அவற்றுள் ஒபினோ லெவாய், பொபி தன்னப் என்பன தாயாகத் தெரிவாயின. பழத்தைப் பிசைந்து தேடிப் பெற்ற விதைகளும் மண்ணிலிட்டால் எளிதில் முளைப்பதில்லை. முளையத்தைப் பிரித்துக் குழாயில் வளர்த்தெடுக்கவேண்டும்.

தந்தையாக வாய்த்தது கல்கத்தா-4 என்னும் காட்டு வாழை. சிறு குலை, சிறு காய், காய்க்குள் விதையன்றி உண்பதற்கு ஏதுமில்லை. சீதனம் பேசும் யாழ்ப்பாணத்து வீடுகளில் இத்தகைய மாப்பிள்ளைக்குப் படலையும் திறவாது. எனினும், நோய் அதன் இலையில் வேரூன்றுவதில்லை. அத்தகைமை ஒன்றிற்காகவே அது வேண்டப்பட்டது.

பிள்ளைகளுட் சில நோயை எதிர்த்து நின்றன. அதன் காரணத்தை ஒர்ட்டிஸ், வுயில்ஸ்டெக்கே ஆகியோர் 1994இல் விளக்கினர். எதிர்ப்பை ஆளும் முதன்மையான பரம்பரையலகு பின்னிடைவானது. அது வெளிப்படத் தந்தையின் பங்கு மட்டும் போதாது. அப்படியாயின், இலையெல்லாம் கருகி நின்ற தாயும் அதனை மறைவிற் சுமந்திருக்கவேண்டும். நோயாளியென ஒதுக்கியிருந்தால் இழப்பு யாருக்கு?

மறைந்திருந்தது நன்மை மட்டுமன்று. கலப்பினங்களின் இலைகளில் வரி வைரசு நோய் தோன்றியது. தொற்றின் மூலத்தைத் தேடியோர், வைரசின் கூறுகள் வாழையின் நிறமூர்த்தங்களிலேயே பொதிந்துள்ளமையை 1999இல் வெளியிட்டனர். மூசா பல்பிசியானா என்னும் மூதாதையின் வழிவந்த சொத்து அது. தாயில் உறங்கிக் கிடந்தது, கலப்பினாலும் இழைய வளர்ப்பினாலும் பிள்ளையில் விழித்துக்கொண்டது. வறட்சியைத் தாங்கும் திறனும் அதே மூதாதையின் கொடையென்பதால், அவ்வழியை முற்றாகத் துறக்கவும் மனம் வரவில்லை.

2019இல் அந்நிறுவகத்தின் கென்ய ஆய்வாளர், கொன்ஜா மன்ஜாயா என்னும் கறிவாழையில் அவ்வைரசுக் கூறுகளைப் பரம்பரையலகுத் திருத்தத்தாற் செயலிழக்கச் செய்தனர். உறங்கும் வைரசை எழுப்பவல்லது நீர்க்குறை. எனவே, திருத்திய கன்றுகளை நீரின்றி வாட்டிப் பார்த்தனர். நான்கில் மூன்று பங்கு கன்றுகளின் இலைகளில் வரி எதுவும் தோன்றவில்லை.